தொட்டி இறங்காத நாள்

பேருந்து நிலையத்தில் என்னைக் 'கடிகாரம்' என்று கூப்பிடுவார்கள். முகத்துக்கு நேராக இல்லை, நான் நகர்ந்த பிறகு. நேரக் காப்பாளர் வேலை பார்த்தவர்களுக்கு இதைவிட மோசமான பட்டப்பெயர்களெல்லாம் வாய்த்திருக்கின்றன, அதனால் நான் கண்டுகொள்வதில்லை. எந்த வண்டி எத்தனை மணிக்கு வந்தது, எத்தனை மணிக்குக் கிளம்பியது என்று பதிவேட்டில் எழுத வேண்டும். கிளம்பாத வண்டியைப் பார்த்து விசில் ஊத வேண்டும். இருபத்திரண்டு வருடமாக இதுதான் என் பிழைப்பு. என் கூண்டு நாலடிக்கு ஐந்தடி, மூன்று பக்கமும் கண்ணாடி. உள்ளே உட்கார்ந்தால் ஆறு தடங்களும் தெரியும். கழிப்பறை மட்டும் தெரியாது. அது நிலையத்தின் கோடியில், சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கிறது.

அந்தக் கழிப்பறையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். போய்வர ஆறு நிமிடம் ஆகும். வந்த வண்டி திரும்பக் கிளம்ப எட்டு நிமிடம்தான் அவகாசம். மிச்சம் இருக்கும் இரண்டு நிமிடத்தில் ஓட்டுநர் தண்ணீர் குடிக்கலாம், அல்லது கண்டக்டரோடு சண்டை போடலாம். இரண்டையும் செய்ய முடியாது. தடத்தின் மறுமுனையிலோ கழிப்பறையே கிடையாது. அதனால் ஓட்டுநர்கள் தண்ணீரைக் குறைத்துக்கொண்டார்கள், அடக்கிக்கொள்ளப் பழகினார்கள். யாரும் அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. என் விசில் சொல்லிக்கொடுத்தது. இது எனக்கு அப்போது தோன்றவில்லை, இப்போதுதான் தோன்றுகிறது.

அடக்குவதில் எல்லோருக்கும் தலைவர் என் மாப்பிள்ளை, அதாவது என் ஒரே தங்கையின் கணவர். நாற்பத்தாறு வயது, நல்ல உயரம், கொஞ்சம் சர்க்கரை வியாதி, நிறைய வாய். காலை ஆறு மணிக்கு வண்டியை எடுத்தால் சாயங்காலம் ஐந்தரைக்கு விடும்வரை, மதியம் ஒன்று இருபதுக்கு ஒரே ஒரு தடவைதான் இறங்கிப் போவார். மற்றவர்கள் மூன்று தடவை ஓடுவார்கள். அதனால் அவருக்குத் 'தொட்டி' என்று பெயர். அந்தப் பெயரில் அவருக்கு ஏக பெருமை. தொட்டி ஓட்டும் வண்டி ஒருநாளும் தாமதமாகக் கிளம்பாது. எனக்கும் அதில் பெருமை இருந்தது என்பதை நான் மறைக்கப் போவதில்லை. மாப்பிள்ளை என்பதற்காக அல்ல, பதிவேடு சுத்தமாக இருக்கும் என்பதற்காக.

சட்டைப்பையில் நான் எப்போதும் ஒரு சின்ன நோட்டு வைத்திருப்பேன். பதிவேட்டில் எழுதக்கூடாத சமாச்சாரங்கள் அதில் இருக்கும். யார் முனகினான், யார் வண்டியை எங்கே உரசினான் என்கிற மாதிரி. ஓட்டுநர்கள் கேட்டுக்கொண்டதால் தொட்டியின் சாதனைகளுக்கென்று அதில் பக்கம் ஒதுக்கியிருந்தேன். பந்தயம் எதுவும் இல்லை, வெறும் கேலிதான். ஒவ்வொரு நாளும் மணியைப் போட்டு 'இறங்கினார்' அல்லது 'இறங்கவில்லை' என்று எழுதுவேன், இறங்கினால் திரும்பிய மணியையும்.

மூன்று வாரமாக மாப்பிள்ளைக்கு முதுகுவலி. ஓட்டுநருக்கு முதுகுவலி என்பது எங்கள் நிலையத்தில் ஒரு செய்தியே இல்லை. வலி இல்லை என்று சொன்னால்தான் நாலு பேர் கூடிவந்து விசாரிப்பார்கள். ஆளாளுக்கு வைத்தியம் சொன்னார்கள். ஒருவர் தன் இடுப்பு பெல்ட்டைக் கழற்றிக் கொடுத்தார். பணிமனையில் இருக்கையின் ஸ்பிரிங்கை மாற்றிப் பார்த்தார்கள். பக்கத்து மருந்தகத்து டாக்டர், "டிரைவரா? அப்ப இருக்கத்தான் செய்யும்" என்று வலி மாத்திரை எழுதிக்கொடுத்தார். வலி இடுப்பில் இல்லை, இரண்டு தோள்பட்டைக்கும் கீழே நடு முதுகில் இருந்தது. படுத்தால் குறைய வேண்டியது, படுத்தால் கூடியது. விட்டுவிட்டுக் காய்ச்சலும் வந்தது. எஞ்சின் சூடு என்று சொல்லிக் காய்ச்சல் மாத்திரையைப் போட்டுக்கொண்டு வண்டியை எடுத்துவிடுவார். இதெல்லாம் தனித்தனியாக எல்லோருக்கும் தெரியும். சேர்த்து வைத்துப் பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை.

செவ்வாய்க்கிழமை ஒன்று இருபதுக்கு வண்டி வந்தது. அவர் இறங்கவில்லை. நான் கூண்டிலிருந்து தலையை நீட்டினேன்.

"என்ன மாப்ளே, இன்னைக்கு மதியமும் இல்லையா?"

"தேவைப்படல மச்சான். தொட்டியைப் பெருசு பண்ணிட்டேன்."

பக்கத்து வண்டிக்காரர்கள் கைதட்டினார்கள். நான் நோட்டை எடுத்து, 'செவ்வாய், 1.20, இறங்கவில்லை. புதிய சாதனை!' என்று எழுதி, ஒரு தண்ணீர்த் தொட்டி வரைந்து அதன் தலையில் கிரீடமும் வைத்தேன். படம் நன்றாகவே வந்திருந்தது. ஐந்தரைக்கு வண்டியை விட்டு இறங்கும்போது படியில் தடுமாறிக் கம்பியைப் பிடித்துக்கொண்டார். 'சாதனையாளர் தள்ளாடுகிறார்' என்று அதையும் எழுதினேன்.

மறுநாள் புதன். ஒன்பது பத்துக்கு வர வேண்டிய வண்டி ஒன்பது பதினாலுக்கு வந்தது. வந்ததும் தடத்தில் நிற்காமல் முன்சக்கரம் நடைமேடைக் கல்லில் மோதி ஏறப் பார்த்து, பிறகு நின்றது. உள்ளே நின்றிருந்தவர்கள் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்தார்கள். யாருக்கும் அடியில்லை. எனக்கு முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. நாலு நிமிடத் தாமதம், அதோடு இதுவும். 'புதன், 9.14, கல்லில் மோதல்' என்று நோட்டில் கிறுக்கிவிட்டு, விசிலைக் கடித்துக்கொண்டே ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தேன்.

"தூங்கிட்டீங்களா மாப்ளே? பிரேக்கை எங்க வச்சிருக்கீங்க?"

"மிதிச்சேன் மச்சான். மிதிச்ச மாதிரிதான் இருந்துச்சு." அவர் முகம் வேர்த்திருந்தது.

கத்துவதற்கு நான் வாயைத் திறந்தபோது அவருடைய வலது கால் கண்ணில் பட்டது. வெறுங்கால். செருப்பு பிரேக்குக்கு அடியில் செருகிக் கிடந்தது.

"செருப்பு எங்க?"

"கால்லதான் இருக்கு" என்றார்.

செருப்பு போன ஆளுக்குக் கால் சில்லென்று இருக்கும், குனிந்து தேடுவார். இவருக்குச் செருப்பு போனதே தெரியவில்லை. இருக்கு என்று அடித்துச் சொல்கிறார். விசிலை வாயிலிருந்து எடுத்தேன். கண்டக்டரும் நானும் ஆளுக்கொரு பக்கம் தோள் கொடுத்து இறக்கினோம். இரண்டு கால்களும் அவருடைய பேச்சைப் பாதிதான் கேட்டன. என் கூண்டை மாற்று ஆளிடம் விட்டுவிட்டு வாடகைக் காரில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். வழியெல்லாம் அவர், "பெல்ட்டை இறுக்கிக் கட்டிட்டேன் போல, அதான் மரத்துப்போச்சு" என்று சமாதானம் சொல்லிக்கொண்டே வந்தார். பெல்ட் வண்டியிலேயே கிடந்தது.

தங்கை கண்ணாடிக் கடையில் லென்ஸ் தீட்டுகிறவள். விரலில் வெள்ளைப் பொடியோடு அப்படியே ஓடிவந்தாள். அவசரப் பிரிவில் இருந்த டாக்டர் ஒரு சின்னப் பெண், முடியைக் குட்டையாக வெட்டியிருந்தாள். பதற்றம் என்பதே இல்லாமல் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். மாப்பிள்ளையை ஒருக்களிக்கச் சொல்லி முதுகெலும்பை மேலிருந்து கீழே விரலால் தட்டிக்கொண்டே வந்தாள். நடுவில் ஓர் இடத்தில் தட்டியபோது அவர் கட்டிலிலிருந்து எம்பினார். பிறகு ஒரு குச்சியின் கூர்முனையால் பாதத்திலிருந்து மேலே தொட்டுக்கொண்டே போனாள்.

"குத்துதா?"

"இல்ல."

"இங்க?"

"இல்ல."

தொப்புளுக்கு இரண்டு விரல் மேலே போனதும், "இப்ப குத்துது" என்றார். டாக்டர் அந்த இடத்தில் பேனாவால் ஒரு கோடு போட்டாள். அந்தக் கோட்டைப் பார்த்ததும் தங்கை என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

"கடைசியா எப்ப யூரின் போனீங்க?"

"எனக்கு அது பிரச்சினையே இல்ல டாக்டர்" என்றார் மாப்பிள்ளை, அந்த நிலையிலும் கொஞ்சம் கர்வத்தோடு. "நாள் முழுக்க அடக்குவேன்."

"அடக்குறீங்களா, வரலையா?"

அவர் யோசித்தார். அப்படி ஒரு கேள்வி இருக்கிறது என்பதே அவருக்கு அப்போதுதான் தெரிந்தது போலிருந்தது. "நேத்து வீட்டுல போய் நின்னேன். சொட்டுச் சொட்டா வந்துச்சு. தண்ணி கம்மியா குடிச்சேன்னு நினைச்சேன்."

குழாய் செருகினார்கள். பை நிரம்பிக்கொண்டே போனது. ஆயிரத்து இருநூறு மில்லி என்று நர்ஸ் சொன்னாள். "தொட்டி காலி" என்று அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். என்னால் சிரிக்க முடியவில்லை.

"உடம்புல எங்கயாவது கட்டி, கொப்பளம் வந்துச்சா? ஒண்ணு ரெண்டு மாசத்துக்குள்ள?" என்று டாக்டர் கேட்டாள். கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். வந்திருந்தது. உட்காரும் இடத்தில். ஓட்டுநருக்கு அங்கே வருவது சகஜம். வெட்கப்பட்டுக்கொண்டு யாரிடமும் சொல்லாமல் தானே ஊசியால் குத்திப் பிதுக்கிவிட்டார். தங்கைதான் களிம்பு போட்டாள். ஐந்து வாரம் இருக்கும், ஆறியும் போய்விட்டது.

டாக்டர் ரத்தம் எடுத்தாள். ஆன்டிபயாடிக் ஏற்றுவதற்கு முன்னால் கிருமியைப் பிடிக்க வேண்டும் என்று இரண்டு கையிலும் தனித்தனிக் குப்பிகளில் எடுத்தாள். ஸ்கேனுக்கு எழுதும்போது நடு முதுகு மட்டும் என்று எழுதாமல் கழுத்திலிருந்து வால் எலும்பு வரை முழுசாக எழுதினாள். வலிக்கிற இடத்தில் மட்டும் பார்த்தால் வேறு இடத்தில் இருப்பது தப்பிப்போகும் என்றாள். அவ்வளவு நேரமும் அவள் குரலை உயர்த்தவில்லை. ஆனால் எதற்கும் உட்காரவும் இல்லை. அதைக் கவனித்து, விஷயம் பெரிது என்று நானே ஒரு முடிவுக்கு வந்துவிட்டேன்.

ஸ்கேன் முடிந்து பன்னிரண்டரைக்கு அறுவை சிகிச்சை டாக்டர் வந்தார். நரைத்த மீசை, மெல்லிய குரல். எங்கள் இருவரையும் தாழ்வாரத்துப் பெஞ்சில் உட்காரவைத்துத் தானும் பக்கத்தில் உட்கார்ந்து, ஒரு தாளின் பின்பக்கம் படம் போட்டார்.

"இது முதுகெலும்பு. இதுக்குள்ள தண்டுவடம் போகுது. மூளையில இருந்து காலுக்கும் மூத்திரப்பைக்கும் தகவல் போற வழி இதுதான். எலும்புக்கும் தண்டுவடத்து உறைக்கும் நடுவுல ரொம்பக் கொஞ்சம் இடம். அந்த இடத்துல சீழ் கட்டியிருக்கு, நாலு எலும்பு நீளத்துக்கு. கொப்பளத்துல இருந்த கிருமி ரத்தத்துல போய் அங்க உட்கார்ந்திருக்கணும். சர்க்கரை வேற இருக்கா, அதுக்கு வசதியாப் போச்சு. சீழ் வெளிய போக வழி இல்ல. எலும்பு விட்டுக்கொடுக்காது. அதனால தண்டுவடத்தை நசுக்குது."

"மருந்துல கரையாதா டாக்டர்?" என்றாள் தங்கை.

"கால் நல்லா இருந்தா மருந்தோட காத்திருந்து பார்க்கலாம். இவருக்குக் கால் விழுந்துக்கிட்டு இருக்கும்மா. பின்பக்க எலும்பைக் கொஞ்சம் எடுத்துட்டு சீழை வெளியேத்தணும். அது எப்படியும் பண்ணப்போறோம். எப்பங்கறதுதான் கேள்வி."

அன்று அறுவை அறை ஒன்றுதான் காலியாக இருந்தது. அதற்கும் ஒருவர் காலையிலிருந்து பட்டினி கிடந்து தயாராகக் காத்திருந்தார், இடுப்பு டிஸ்க் ஆபரேஷனுக்கு. "கால் ரெண்டு மூணு நாளா மெல்ல மெல்ல பலம் குறைஞ்சிருந்தா, அவரை முடிச்சிட்டு சாயங்காலம் எடுக்கலாம். நேத்து நல்லா இருந்து இன்னைக்கு இப்படின்னா, ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம். முழுசா விழுந்துட்டா அப்புறம் நான் சீழை எடுத்தாலும் கால் திரும்பாமப் போகலாம். யூரின் குழாயும் நிரந்தரமாகலாம். அவரைக் கேட்டா ஒரு வாரமா இப்படித்தான்னு ஒரு தடவை சொல்றார், இன்னைக்குத்தான்னு ஒரு தடவை சொல்றார். நீங்க சொல்லுங்க. எப்ப ஆரம்பிச்சது?"

தங்கைக்குத் தெரியவில்லை. அவள் கடையிலிருந்து வருவதற்குள் அவர் தூங்கிவிடுவார், அவர் கிளம்பிய பிறகு அவள் எழுந்திருப்பாள். "ஊருக்கெல்லாம் கண்ணாடி மாட்டிவிடுறேன். வீட்டுல நடக்கிறது என் கண்ணுக்குத் தெரியல" என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

எனக்குத் தெரியும். மணி நிமிடத்தோடு தெரியும். அது என் சட்டைப்பையில் இருந்தது. அதை எடுத்தால் கிரீடம் வைத்த தொட்டியைத் தங்கை பார்ப்பாள். கணவன் கால் விழுந்துகொண்டிருந்த நேரத்தில் அண்ணன் படம் வரைந்துகொண்டிருந்தான் என்பது அவளுக்குத் தெரிந்துவிடும். வாயால் சொல்லிச் சமாளிக்கலாமா என்று ஒரு நொடி பார்த்தேன். இருபத்திரண்டு வருடம் நேரம் எழுதியவனுக்கு ஒரு விஷயம் நன்றாகத் தெரியும். வாயால் சொல்லும் நேரத்தை யாரும் நம்புவதில்லை. நானே நம்பமாட்டேன். நோட்டை எடுத்துப் பக்கத்தைப் பிரித்து டாக்டரிடம் நீட்டினேன்.

டாக்டர் சிரிக்கவில்லை. மேலிருந்து கீழே விரல் வைத்துப் படித்தார்.

"திங்கட்கிழமை ஒண்ணு இருபதுக்கு இறங்கினார். ஒண்ணு இருபத்தாறுக்குத் திரும்பினார். இது என்ன?"

"கழிப்பறைக்குப் போய்ட்டு வந்தது சார். போக வர ஆறு நிமிஷம். வேகமா நடந்தாத்தான் ஆறு நிமிஷம்."

"அப்ப திங்கட்கிழமை மதியம் வேகமா நடந்திருக்கார். யூரினும் போயிருக்கார்." விரல் கீழே இறங்கியது. "செவ்வாய் ஒண்ணு இருபது, இறங்கவில்லை." கிரீடத்தின் மேல் விரல் ஒரு கணம் நின்றது. "அஞ்சு முப்பது, தள்ளாடுகிறார். புதன் ஒன்பது பதினாலு, கல்லில் மோதல்." எழுந்துவிட்டார். "ஒரு நாள்கூட ஆகல. வேகமா இறங்கிட்டு இருக்கு. இவரைத்தான் முதல்ல எடுக்கணும். இந்தப் பக்கத்தைப் படம் எடுத்துக்கட்டுமா? கேஸ் ஷீட்ல சேர்க்கணும்."

எடுத்துக்கொண்டு நோட்டைத் திருப்பிக் கொடுத்தார். நான் கை நீட்டுவதற்குள் தங்கை வாங்கிக்கொண்டாள். பட்டினி கிடந்த அந்த டிஸ்க் நோயாளி விஷயத்தைக் கேட்டுவிட்டு, "அப்ப நான் ஏதாவது சாப்பிடலாமா?" என்று மட்டும் கேட்டாராம். அவர் எங்கிருந்தாலும் நன்றாக இருக்கட்டும்.

இரண்டு மணிக்கு உள்ளே கொண்டுபோனார்கள். கதவு மூடியதும் தங்கை பெஞ்சில் உட்கார்ந்து நோட்டைப் படித்தாள். செவ்வாய்க்கிழமை மட்டும் இல்லை, ஏழு மாதத்துச் சாதனைகளையும் படித்தாள். லென்ஸில் கீறல் தேடுகிற மாதிரி ஒவ்வொரு பக்கத்தையும் வெளிச்சத்துக்குக் காட்டி மெதுவாகப் படித்தாள். நான் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அவர் ஏன் இறங்க மாட்டாருன்னு உனக்குத் தெரியுமா?" என்றாள்.

"பெருமைக்குத்தான்."

"இந்த நிலையத்துக்கு வந்த முதல் வருஷம் ஒரு நாள் இறங்கிப் போயிருக்கார். வர்றதுக்குள்ள நீ மூணு தடவை விசில் ஊதியிருக்க. எல்லார் முன்னாடியும், மாப்பிள்ளைன்னா சலுகையான்னு கேட்டியாம். வீட்டுக்கு வந்து சொல்லி சிரிச்சார். அதுல இருந்துதான் அண்ணா."

எனக்கு அது ஞாபகமே இல்லை. ஊதியிருப்பேன். யாருக்குத்தான் ஊதவில்லை? "நான் வேணும்னு..." என்று ஆரம்பித்தேன். அவள் நோட்டைக் கைப்பையில் போட்டு மூடினாள். அதன்பிறகு என்னோடு பேசவில்லை.

ஐந்து ஐம்பதுக்கு டாக்டர் வெளியே வந்தார். சீழை எடுத்தாகிவிட்டது, தண்டுவடம் பார்க்க நன்றாக இருக்கிறது, கால் திரும்புமா என்பதை நாள்தான் சொல்லும் என்றார். இரண்டு நாள் கழித்து ரத்தக் குப்பியிலும் சீழிலும் ஒரே கிருமி வளர்ந்திருந்தது. தோலில் கொப்பளம் போடுகிற அதே கிருமி. அதற்கென்று பொருத்தமான மருந்தை மாற்றிக் கையில் ஒரு நீளமான ஊசிக்குழாய் வழியாக ஏற்ற ஆரம்பித்தார்கள். இதயத்தின் வால்வில் கிருமி ஒட்டியிருக்கிறதா என்று அதையும் பார்த்தார்கள். நல்லவேளை, இல்லை. ஆறு வாரம் மருந்து என்றார்கள். "காய்ச்சல் போச்சு, வலி போச்சுன்னு நடுவுல நிறுத்தினா, எலும்புக்குள்ள ஒளிஞ்சிருக்கிறது மறுபடி வரும்" என்று குட்டை முடி டாக்டர் மாப்பிள்ளையிடம் கண்டிப்பாகச் சொன்னாள். வழக்கமாக எதற்கும் பதில் வைத்திருப்பவர், "சரிங்க டாக்டர்" என்றார்.

நான் தினமும் வேலை முடிந்ததும் போவேன். விடுமுறை நாளில் காலையிலேயே போய்விடுவேன். வார்டுக்கு வெளியே ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. தங்கை உள்ளே வா என்று சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. அவள் வெளியே போகும்போது நான் உள்ளே போய் மாப்பிள்ளையிடம் நிலையத்துக் கதைகளைச் சொல்வேன். அவர் சிரிப்பார். காலைப் பற்றிக் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. போர்வைக்கு மேலே பார்ப்பேன், கீழே பார்க்கமாட்டேன். ஒருநாள் அவரிடம் விசில் விஷயத்தைக் கேட்டேன்.

"அதையா இன்னும் நினைச்சிட்டு இருக்கீங்க?" என்றார். "ஆரம்பிச்சு வச்சது நீங்க. பேர் வாங்கினது நான். கைதட்டினா எனக்கும் பிடிச்சிருந்துச்சே மச்சான்."

அது ஆறுதலாகத்தான் சொன்னது. எனக்கு ஆறவில்லை.

ஆறாம் நாள் சிறுநீர்க் குழாயை எடுத்துவிட்டுப் பார்த்தார்கள். தானாக வரவில்லை. வயிறு உப்பி வலி வந்து மறுபடி குழாயைப் போட்டார்கள். அன்றைக்கு முதல் தடவையாக அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். வலியில் சிரித்தவர், கத்தி வைக்கக் கொண்டுபோனபோதும் சிரித்தவர், அன்றைக்குச் சிரிக்கவில்லை. நான் வெளியே வந்து நாற்காலியில் உட்கார்ந்து அழுதேன். வயதான ஆள் பொது இடத்தில் அழுவது பார்க்க நன்றாக இருக்காது என்று தெரியும், ஆனாலும் அழுதேன். தங்கை தண்ணீர்ப் பாட்டிலோடு அந்தப் பக்கமாகப் போனாள். வயது குறைவு, மறுபடி முயற்சி செய்யலாம், நரம்புக்கு அவகாசம் கொடுக்க வேண்டும் என்றார் டாக்டர். அவகாசம் கொடுப்பது எனக்குப் பழக்கமில்லாத வேலை.

பன்னிரண்டாம் நாள், திங்கட்கிழமை, எனக்கு விடுமுறை. காலை ஆறரைக்குக் குழாயை எடுத்தார்கள். நான் ஏழு மணிக்குப் போனேன். எட்டு, ஒன்பது, பத்து. நர்ஸ் இரண்டு தடவை வந்து வயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போனாள். பதினொன்று வரைக்கும் பார்ப்போம் என்றாள். பத்தரைக்கு வார்டுக் கதவு திறந்தது. மாப்பிள்ளை நான்கு கால் நடைச்சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். நின்றிருந்தார்! அவர் நிற்க ஆரம்பித்ததை யாரும் எனக்குச் சொல்லவில்லை. அதில் பாதி, நான் கேட்காமல் இருந்த தப்பு. பக்கத்தில் தங்கை, இன்னொரு பக்கம் பிசியோதெரபிக்காரர். கழிப்பறை தாழ்வாரத்தின் கோடியில் இருந்தது, இருபது அடி இருக்கும். என்னைக் கடந்து போகும்போது, "எத்தனை நிமிஷம்னு பாருங்க மச்சான்" என்றார். நான் பார்க்கவில்லை. அவருடைய பாதங்களைத்தான் பார்த்தேன். இரண்டிலும் செருப்பு இருந்தது.

கதவு சாத்தியது. தங்கை வெளியே நின்றாள், நான் அவளுக்கு இரண்டடி தள்ளி நின்றேன். ஒன்றும் கேட்கவில்லை. பிறகு அவர் உள்ளே தொண்டையைச் செருமினார். பிறகும் ஒன்றுமில்லை. நான் கண்ணை மூடிக்கொண்டேன். அப்புறம் கேட்டது. முதலில் மெலிசாக, விட்டுவிட்டு, அதன்பிறகு விடாமல்.

தங்கை இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். கண்ணீர் விரலிடுக்கில் வழிந்தது. கொஞ்ச நேரம் கழித்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, பன்னிரண்டு நாளில் முதல் தடவையாக என்னைப் பார்த்துப் பேசினாள்.

"மணி என்ன?"

"பத்து நாப்பத்திரண்டு."

கைப்பையைத் திறந்து என் நோட்டை எடுத்து நீட்டினாள். "எழுது."

நான் கடைசியாக எழுதிய புதன்கிழமைப் பக்கத்தைத் தேடினேன். அதற்கடுத்த பக்கங்கள் காலியாக இருக்கும் என்று நினைத்தேன். இல்லை. லென்ஸ் உறைகளில் பவர் எழுதிப் பழகிய அவளுடைய பொடி எழுத்து, நான் எழுதுகிற அதே முறையில், மணி போட்டு இருந்தது.

'வியாழன், 7.15. இடது பெருவிரல் அசைந்தது. கொஞ்சம்.'

'வெள்ளி, 4.50. வலது கால் மடக்கினார்.'

'சனி. ஒன்றும் இல்லை. அண்ணன் நாலு மணி நேரம் வெளியே உட்கார்ந்திருந்தான். நான் கூப்பிடவில்லை.'

'திங்கள், 11.05. நின்றார். பத்து எண்ணுவதற்குள் உட்கார்ந்துவிட்டார்.'

'செவ்வாய், 10.30. குழாய் எடுத்தும் வரவில்லை. அண்ணன் அழுதான்.'

'வியாழன், 6.30. நடக்கும்போது செருப்பு நழுவியது. நழுவியது அவருக்குத் தெரிந்தது.'

அந்தக் கடைசி வரியை இரண்டு தடவை படித்தேன். எழுத்து கலங்கித் தெரிந்தது. அதற்குக் கீழே, 'திங்கள், 10.42' என்று எழுதி, பேனாவை எடுத்துவிட்டு, மறுபடி வைத்து, 'இறங்கினார்' என்று எழுதினேன். தங்கை என் தோளில் சாய்ந்து நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

உள்ளேயிருந்து மாப்பிள்ளையின் குரல் வந்தது. "மச்சான், இருக்கீங்களா? விசில் ஊதிடாதீங்க. இன்னும் முடியல."

"மெதுவா வாங்க மாப்ளே, நேரம் இருக்கு" என்றேன். இருபத்திரண்டு வருடத்தில் ஓர் ஓட்டுநரிடம் நான் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை.